இடது கை என்று ஒரு முத்திரை

அவள் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரம்பால் அடித்துப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள், சோறு கிடையாது என்று அப்பா மிரட்டிப் பார்த்தார். பென்சில் இடது கையை விட்டு இறங்கவே இல்லை. 'நொட்டாங்கை' என்று கேலி செய்த பிள்ளைகளை அவள் அதே கையால்தான் வெளுத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்து பெயிண்ட் வேலைக்கு வந்த பிறகும், "அந்த நொட்டாங்கையைக் கூப்பிடு, அவ அடிச்சா சீலிங்ல ஒரு கோடு தெரியாது" என்றுதான் மேஸ்திரி முதல் வீட்டுக்காரர்கள் வரை சொன்னார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

அவளும் அவள் நாத்தனாரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். நாத்தனார் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். அவள் ஏணியில் ஏறி வர்ணம் அடிப்பாள். இடது கையில் ரோலர், வலது கை ஏணியில். இப்படியே பதினாறு வருஷம். இருவருக்கும் சண்டை வராத நாள் கிடையாது. எந்தச் சண்டையும் மறுநாள் விடிந்ததைப் பார்த்ததும் கிடையாது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வார்டுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை மேஸ்திரிக்குக் கிடைத்தது. போன முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"மஞ்சள்காமாலை தடுப்பூசி போடாதவங்க யாரும் வார்டுக்குள்ள போகக் கூடாதாம். மூணு தவணை. முதல் தவணை இன்னிக்கே" என்றார் மேஸ்திரி.

அவளுக்கு ஊசி என்றால் பயமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மகளுக்கு எல்லா ஊசியும் தேதி தவறாமல் போட்டவள். வரிசையில் போய் நின்றாள். பெயிண்டர்கள், துப்புரவுத் தொழிலாளிகள், லிஃப்ட் இயக்குகிறவர், சமையல் கட்டு ஆட்கள் என்று அந்த வரிசை துணிக்கிடங்கைத் தாண்டி மாடிப்படி வரை நீண்டிருந்தது. முன்னால் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதில் ஊசி போட்டுக்கொள்கிறவர் உட்கார வேண்டும். ஊசி போடுகிற நர்ஸ் சின்னப் பெண், காலையிலிருந்து நின்றபடியே குனிந்து குனிந்து குத்திக்கொண்டிருந்தாள்.

"இடது கை."

"அது வேலை பாக்குற கை சிஸ்டர். வலதுல போடுங்க."

நர்ஸ் வலது பக்கம் வந்தாள். வர்ண வேலைக்கு அவள் போட்டிருந்தது முழுக்கைச் சட்டை. வர்ணம் காய்ந்து கைப்பகுதி அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது, சுருட்டினால் முழங்கையைத் தாண்டவில்லை. நர்ஸ் கழுத்துப் பொத்தானைத் தானே கழற்றி, சட்டையைத் தோள்முனை வரை கீழே இழுத்து, தெரிந்த இடத்தில் குத்திவிட்டாள். எலும்புக்குள் ஆணி இறங்கினாற்போல் இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பின்னால் நின்ற நாத்தனார் சும்மா இருப்பாளா? "என்ன சிஸ்டர், கழுத்துக்குப் பக்கத்துல குத்துறீங்க?"

"அடுத்து வாங்க" என்றாள் நர்ஸ்.

பக்கத்து மேசையில் ஒருவர் தலை நிமிராமல் தடுப்பூசி அட்டைகளில் முத்திரை குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் தன் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். படித்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றப் போனால் வலது கை மேலே வரவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். ஊசி போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கும் என்று எல்லாரும் சொன்னதால் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. அதே ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி டாக்டரிடம் போனாள்.

"ஊசின்னா வலிக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லி, சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார் அவர்.

மூன்று வாரம் ஆயிற்று. ஏணியில் ஏறுவதென்றால் வலது கை தலைக்கு மேலே இருக்கிற படியைப் பிடிக்க வேண்டும். அந்தக் கை நெஞ்சுக்கு மேல் போக மறுத்தது. ஏணிக்குக் கீழேயே நின்று அடிக்கும் வேலை எத்தனை நாளைக்குக் கிடைக்கும்? மேஸ்திரி பட்டும் படாமலும் பேச ஆரம்பித்தார். கடைசியில் நாத்தனார் அவளை இழுத்துக்கொண்டு ஊரின் இன்னொரு கோடியில் இருந்த எலும்பு டாக்டரிடம் போனாள்.

அந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் தோள்பட்டையை வரைந்து காட்டினார். "ஊசி இந்தச் சதையில இறங்கணும். தோள் எலும்புக்கு ரெண்டு மூணு விரல் கீழ. உங்களுக்கு மேல, மூட்டுக்கிட்ட இறங்கியிருக்கு. மூட்டு மேல மெத்தை மாதிரி ஒரு பை இருக்கும், அது வீங்கி, இப்ப மூட்டே இறுகிப்போச்சு. அபூர்வம்தான். ஆனா நடக்கிறதுதான்."

"மருந்து கெட்டதா டாக்டர்?"

"மருந்து நல்ல மருந்து. போட்ட இடம் தப்பு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு இழப்பீடு கேக்கலாம். அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. கேக்கிறவங்கதான் குறைவு."

வீட்டில் சொன்னபோது அவள் கணவனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஹாரன் அடிக்கக்கூட நாலு தடவை யோசிப்பான்.

"நமக்கெதுக்கு இந்த வம்பு? அவங்க பெரிய ஆளுங்க. கை தானா சரியாயிடும்."

"தானா சரியாயிட்டா சந்தோஷம். அது வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள் அவள்.

படிவம் பதினோரு பக்கம். மகளும் நாத்தனாரும் உட்கார்ந்து நிரப்பினார்கள். கொடுத்துவிட்டு வந்து நாலரை மாதம் காத்திருந்தாள். ஒரு கடிதம் வந்தது. நாத்தனார் செய்தி வாசிக்கிறவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு படித்தாள்.

"'தடுப்பூசி அட்டையின்படி மனுதாரருக்கு இடது கையில் ஊசி செலுத்தப்பட்டுள்ளது. பாதிப்பு வலது தோளில் உள்ளதாகக் கூறப்படுகிறது. மேலும், வர்ணம் பூசும் தொழிலில் வலது தோள் நீண்ட காலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டதால் ஏற்பட்ட தேய்மானமே இது எனக் கருதப்படுவதால், மனு நிராகரிக்கப்படுகிறது.'"

கேட்டுக்கொண்டிருந்தவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எந்தக் கையால வர்ணம் அடிக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு! ஊரே என்னை நொட்டாங்கைன்னு கூப்பிடுது, இவங்களுக்கு மட்டும் தெரியல."

பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். தேதி பேனாவால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு முத்திரை: 'முதல் தவணை, இடது கை.' கூட வேலை செய்தவர்களின் அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே முத்திரை. ஆனால் அவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே இடது கையில்தான் போட்டிருந்தார்கள். அதை வைத்து என்ன நிரூபிப்பது?

"விட்டுடு. அவங்க எழுதிட்டாங்க" என்றான் கணவன்.

"எழுதினா? நான் எழுதிட்டா அவங்க விட்டுடுவாங்களா?"

அந்த வாரம் தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கிறவர் வீடு தேடி வந்தார். கடையோடு கூட அவர் ஒரு வீடியோ சேனலும் நடத்தினார். முக்காலி, விளக்கு எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வக்கீல் செலவு என் பொறுப்பும்மா. பெரிய வக்கீல். நீங்க ரெண்டே வார்த்தை சொன்னா போதும். ஊசியால என் வாழ்க்கை நாசமாப்போச்சு, யாரும் புள்ளைங்களுக்கு ஊசி போடாதீங்க. அவ்வளவுதான்."

"விட்டுப்போன ரெண்டாவது தவணையை நேத்துத்தான் போட்டுட்டு வந்தேன்" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த விளக்கு பாதியில் நின்றது. "கை போச்சுங்கறீங்க. மறுபடியும் போய்ப் போட்டீங்களா?"

"வேற இடத்துல. சட்டையைக் கழட்டிட்டு, உக்காந்து, எலும்புல இருந்து விரல் வெச்சு அளந்து போடச் சொன்னேன். அந்த நர்ஸும் உக்காந்துதான் போட்டாங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏங்க, ஒருத்தர் பிரேக் பிடிக்காம என் மேல வண்டியை ஏத்திட்டா, ஊர்ல இனி யாரும் வண்டியே ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்லணுமா?"

"நீங்க யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். விளக்கை அணைங்க, கண்ணு கூசுது."

அவர் முக்காலியை மடக்கிக்கொண்டு போன பிறகு நாத்தனார் இழுத்தாள். "அண்ணி, இலவச வக்கீலை இப்படி விரட்டிட்டீங்களே?"

"அது இலவசமா? அதுக்கு விலையா நான் பொய்யைக் குடுக்கணுமே!"

தோளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடம் ஊசி போட்ட அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் போய், சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றிப் பழகிவிட்டு வருவாள். ஒரு நாள் அப்படிப் போகும்போது லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட் இயக்குகிறவரை அவளுக்குப் பழக்கம் உண்டு. வர்ண டப்பாக்களை ஏற்ற உதவுவார். ஐம்பதைத் தாண்டியவர். இடது கை தோளோடு கிடையாது, சட்டையின் அந்தக் கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். வலது கை விரலால் மூன்றாம் மாடியை அழுத்தினார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் ஒன்று தோன்றியது.

"அண்ணே, அன்னிக்கு நீங்களும் வரிசைல நின்னீங்கல்ல? உங்க அட்டை எங்க?"

"பர்ஸ்ல இருக்கு. ஏம்மா?"

"கொஞ்சம் எடுங்களேன்."

அவர் ஒற்றைக் கையால் பர்ஸைத் துழாவி எடுத்தார். இரண்டு பேரும் லிஃப்ட் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்கள். ஊதா மை. முதல் தவணை, இடது கை.

லிஃப்ட் மூன்றாம் மாடியில் போய் நின்றது, கதவு திறந்தது, காத்திருந்தவர்கள் உள்ளே பார்த்தார்கள். உள்ளே இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த அட்டையைக் குடுப்பீங்களா அண்ணே? உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அட்டை எதுக்கு? நானே வர்றேன். முப்பது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டு இருக்கேன், ஒரு நாள் வெளிய போனா என்ன?"

அவள் போட்ட மேல்முறையீட்டின் விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. ஒரு தலைவரம்மா, ஒரு டாக்டர், அலுவலகத்தின் வக்கீல் என மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவள், நாத்தனார், லிஃப்ட்காரர். கணவன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்பு கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் அட்டையின் நகலைத் தூக்கிக் காட்டினார். "இது ஆவணம்மா. இதுல இடதுன்னு தெளிவா இருக்கு. நீங்க வாயால வலதுன்னு சொன்னா நாங்க எதை நம்பறது?"

அவள் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்தார். தன் அட்டையை மேசை மேல் வைத்தார்.

"ஐயா, அந்த ஆவணப்படி பார்த்தா எனக்கும் இடது கைலதான் போட்டிருக்காங்க. அந்தக் கை எனக்கு ஒன்பது வயசுல போச்சு. அதைத் தேடிப் பிடிச்சு ஊசி போட்டிருக்காங்கன்னா, எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. போய் வாங்கிட்டு வந்துடறேன்."

டாக்டர் சட்டென்று குனிந்து காகிதங்களில் எதையோ தேடினார். அவர் தோள் குலுங்கியது. தலைவரம்மா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லா அட்டைலயும் முன்கூட்டியே செஞ்சு வெச்ச ஒரே முத்திரை" என்றார் மெதுவாக.

வக்கீல் விடவில்லை. "சரி, அப்படியே வெச்சுக்கிட்டாலும், பதினாறு வருஷம் சீலிங்குக்கு வர்ணம் அடிச்ச தோள். தேயாம என்ன செய்யும்?"

"தேஞ்சிருக்கும் சார். இந்தத் தோள்" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினாள் அவள். "நான் நொட்டாங்கை. பிரஷ், ரோலர் எல்லாம் இதுலதான். தேஞ்சது இது, நல்லாத்தான் இருக்கு. தேயாதது கெட்டுப்போயிருக்கு. எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

"இப்ப வந்து இடது கைன்னு யார் வேணா சொல்லலாம்."

"இவங்களை இடது கைக்காரின்னு சொல்ல ஒரு ஊரே இருக்கு, கூட்டிட்டு வரவா?" என்று எழுந்துவிட்டாள் நாத்தனார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து வந்தார். "ரெண்டு கையையும் காட்டுங்க."

அவள் உள்ளங்கைகளை விரித்தாள். இடது கையில் கட்டை விரலின் அடியில், ஆள்காட்டி விரலின் பக்கத்தில், வரிசையாகக் காய்ப்பு. ரோலர் பிடி உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமே விழுந்திருந்தது. வலது கை அதைப் பார்க்க வேறு யாருடைய கையோ போல இருந்தது. டாக்டர் தன் விரலால் இரண்டையும் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாம் நாள் வாங்கிய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கினார். அதில் அந்த வெளிநோயாளி டாக்டர் தன்னை அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: 'ஊசிக்குப் பின் வலது தோளில் வலி' என்று கிறுக்கியிருந்தார்.

"எனக்குக் கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார் டாக்டர்.

தலைவரம்மா கேட்டார்: "அந்த நர்ஸ் மேல நடவடிக்கை எடுக்கணும்னு கேக்கறீங்களா?"

"அந்தப் பொண்ணு மேல தூக்கிப் போட்டுட்டு நீங்க எல்லாம் நகர்ந்துக்காதீங்கம்மா. அவ்வளவு பேருக்கு ஒரே ஆள். உக்காந்து போட ஒரு நாற்காலி குடுக்கல. சட்டையைக் கழட்ட மறைவா ஒரு இடம் குடுக்கல. முத்திரையை மட்டும் முன்னாடியே செஞ்சு வெச்சிருக்காங்க. அதைச் செஞ்சவங்களைக் கேளுங்க."

வெளியே வந்தபோது ஓர் அதிகாரி பின்னாலேயே வந்தார். கையில் ஒரு தாள். "தீர்ப்புக்கு இன்னும் நாளாகும். இப்பவே கையெழுத்துப் போட்டா ஒரு தொகை உடனே தந்துடலாம். ஒரே ஒரு வரி மட்டும் இருக்கும், 'பாதிப்பின் காரணம் உறுதி செய்யப்படவில்லை'ன்னு."

கணவன் ஆவலாகத் தாளைப் பார்த்தான். அவள் வாங்கவே இல்லை.

"காரணம் தெரியாம எதுக்குங்க பணம் குடுக்கறீங்க? காரணத்தை எழுதிக் குடுங்க, அப்புறம் பேசலாம்."

தீர்ப்பு ஏழு வாரம் கழித்து வந்தது. ஊசி தவறான இடத்தில் செலுத்தப்பட்டதால்தான் பாதிப்பு என்று கறுப்பு வெள்ளையாக எழுதியிருந்தது. நாத்தனார் விசில் அடித்தாள். ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் குரல் இறங்கிவிட்டது. 'மனுதாரர் தொழிலுக்குப் பயன்படுத்துவது இடது கை என நிரூபணமாகியுள்ளதால், வருமான இழப்பில் பாதி மட்டும் வழங்கப்படும்.'

"அடப்பாவிங்களா!" என்றாள் நாத்தனார்.

"போதும், இதுவே பெரிசு" என்று தொடங்கிய கணவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினான். அப்புறம் அவனே கேட்டான்: "வேனை எத்தனை மணிக்கு எடுக்கணும்?"

"பத்து மணிக்கு. ஏணியையும் ஏத்தணும்."

மறுநாள் பத்தரை மணிக்கு அந்த அலுவலகத்தின் பொதுக்கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, பன்னிரண்டு படி ஏணி ஒன்று விரித்து நிறுத்தப்பட்டது. காவலாளி ஓடி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தாளோடு பின்னால் வந்த அதே அதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் ஒரு ரோலரை அவர் கையில் கொடுத்தாள். "சார், இதை ஒரு கைல பிடிச்சுக்குங்க. இன்னொரு கையைத் தூக்காம மேல ஏறுங்க. சீலிங்கைத் தொட்டுட்டு இறங்கி வந்தா நான் பாதியை வாங்கிட்டு வாயை மூடிட்டுப் போயிடறேன்."

"என்னம்மா இது, ஆபீஸ்ல வந்து..."

"ஏணியை நான் எதால பிடிக்கறது சார்? பல்லாலயா?"

படிவத்தோடு காத்திருந்த ஒரு கூட்டமே சுற்றி நின்றுவிட்டது. யாரோ "ஏறுங்க சார்" என்றார்கள். அதிகாரி ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியைப் பார்த்தார், மேலே பார்த்தார், ஒரு படி ஏறினார். இரண்டாம் படியில் அவருடைய இன்னொரு கை தன்னால் எழும்பி மேல் படியைப் பிடித்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த தலைவரம்மாவும் அதைப் பார்த்தார்.

"இறங்குங்க" என்றார் அவர். பிறகு அவளிடம் திரும்பி, "மறுபரிசீலனை மனு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

"மூணு நகல் கொண்டு வந்திருக்கேன்."

பாதி முழுதானது, அதற்கும் இரண்டு மாதம் பிடித்தது. கை முழுதாகவில்லை. இப்போது காது உயரத்துக்கு வருகிறது, அதற்கு மேல் கெஞ்சினாலும் வருவதில்லை. கிடைத்ததில் சக்கரம் வைத்த, பக்கக் கம்பி வைத்த மேடை ஒன்று வாங்கினாள். படி ஏறுகிற மாதிரி நடந்தே மேலே போய்விடலாம். மேஸ்திரி, "இப்படிக் கேஸ் போட்டா இனி எவன் வேலை குடுப்பான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவளும் நாத்தனாரும் அன்றோடு அவரிடமிருந்து விலகி, தனியாகவே வேலை எடுக்கத் தொடங்கினார்கள்.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூடம். எட்டு வகுப்பறை, எட்டு சீலிங். மேடை மேல் நின்று அவள் இடது கையால் அடித்துக்கொண்டு போக, கீழே நின்ற நாத்தனார், "அண்ணி, அந்த மூலைல விட்டுப்போச்சு" என்றாள்.

"எதுவும் விட்டுப்போகல. உன் கண்ணைத் துடைச்சுட்டுப் பாருடி."

பேச்சு அங்கிருந்து சண்டையாகி, மதியச் சாப்பாடு வரை போயிற்று.